ஒரு வைத்தியம் தோற்றால் நோயாளியைக் கைவிடுவதா?

மில்லில் ரிங் பிரேம் ஒன்று நின்றுவிட்டால் நிர்வாகம் என்ன செய்கிறது? பிட்டரைக் கூப்பிடுகிறது. அவர் கழற்றிப் பூட்டியும் ஓடவில்லை என்றால், "ஒரு தடவை பார்த்தாயிற்று, இனி இப்படித்தான்" என்று சாக்குப் போட்டு மூடிவிடுகிறதா? இல்லை. முதல் ரிப்பேர் ஏன் பலிக்கவில்லை என்று பார்க்கிறது. இன்னும் கைதேர்ந்த ஆளை வரவழைக்கிறது. ஏனென்றால் நின்றுபோன மெஷின் லாபம் தராது.

அந்த மெஷினை ஓட்டுகிற தொழிலாளியின் உணவுக் குழாய் நின்றுபோனால் என்ன நடக்கிறது? ஒரு தடவை பலூன் வைத்து விரிக்கிறார்கள். அல்லது ஆபரேஷன் செய்கிறார்கள். ஓரிரு வருஷம் நன்றாக இருந்துவிட்டு மறுபடியும் சோறு அடைக்கத் தொடங்கினால், "செய்ய வேண்டியதைச் செய்தாயிற்று. இனி கஞ்சியாகக் குடித்துக்கொள்" என்று அனுப்பிவிடுகிறார்கள். பணம் உள்ளவனுக்கு மட்டும் அடுத்த வழி சொல்லப்படுகிறது.

இந்தக் "கஞ்சி வைத்திய"த்தை நாம் எதிர்க்கிறோம். முதல் சிகிச்சை தோற்றுப் போனவர்களுக்கும் விஞ்ஞானம் ஒரு வழியைக் கண்டிருக்கிறது. உலகமெங்கும் பரீட்சை செய்து பார்த்த வழி அது. அது ஏழைக்கு எட்டாமல் இருப்பதற்கு விதி காரணமல்ல. அதைச் சொல்லவே இந்தக் கட்டுரை.

நோய் என்ன?

வாயிலிருந்து இரைப்பை வரையில் உள்ள உணவுக் குழாய் வெறும் ரப்பர் குழாய் அல்ல. சதையாலான குழாய் அது. நாம் விழுங்கும் கவளத்தை அதன் சதை மேலிருந்து கீழாக அலை அலையாய் அமுக்கித் தள்ளுகிறது. குழாயின் அடியில், இரைப்பையின் வாசலில், ஒரு மதகு இருக்கிறது. கவளம் வரும்போது மதகு திறக்கும். கவளம் போனதும் மூடிக்கொள்ளும். இந்த வேலையை நடத்துகிறவை குழாயின் சதைக்குள்ளேயே இருக்கும் நரம்பு அணுக்கள்.

அந்த நரம்பு அணுக்கள் செத்துப்போனால் அலை நின்றுவிடுகிறது, மதகும் திறக்காது. வாய்க்காலில் தண்ணீர் வந்துகொண்டே இருக்க, மதகு மட்டும் துருப்பிடித்து நின்றால் எப்படி இருக்கும்? வாய்க்கால் உப்பும், கரை உடையும். அதுபோல உணவுக் குழாய் உப்புகிறது. தின்ற சோறு மார்பிலேயே தங்கி நிற்கிறது. இதற்கு டாக்டர்கள் வைத்திருக்கும் பெயர் அக்கலேசியா.

அடையாளங்களைக் கவனியுங்கள், தோழர்களே. சோறு மட்டுமல்ல, தண்ணீரும் நெஞ்சில் நிற்கும். படுத்தால் செரிக்காத சோறு அப்படியே மேலே வரும். அது மூச்சுக் குழலில் போய் இரவெல்லாம் இருமல் வரும். நெஞ்சு வலிக்கும். உடம்பு மாதா மாதம் இளைக்கும். இந்த நோயைப் பல இடங்களில் "அல்சர்" என்கிறார்கள், "வாயு" என்கிறார்கள், இருமலைக் கேட்டு க்ஷயம் என்று சந்தேகிக்கிறார்கள். பெண்ணாக இருந்தால் "மனக் கோளாறு" என்று சொல்லிவிடுவது இன்னும் சுலபம். இப்படியே வருஷங்கள் ஓடிவிடுகின்றன.

ஒன்றை அழுத்திச் சொல்கிறோம். விழுங்க முடியாமை புற்றுநோயின் அடையாளமாகவும் இருக்கலாம். ஆகவே இரண்டு வாரத்துக்கு மேல் சோறு இறங்கவில்லை என்றால் நாட்டு மருந்து, மந்திரம், கடை மாத்திரை என்று நாளை ஓட்டக் கூடாது. எண்டோஸ்கோப்பிக் குழாயை விட்டு உள்ளே பார்க்கச் செய்ய வேண்டும்.

இந்த நோய்க்கு நோயாளி பொறுப்பல்ல. அவன் காரமாய்த் தின்றதாலோ, நேரம் தவறித் தின்றதாலோ இது வரவில்லை. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே திசை தவறி நரம்பு அணுக்களைத் தாக்குகிறது என்பதே விஞ்ஞானிகளில் பெரும்பாலோரின் அபிப்பிராயம்.

பிரேஸில் காட்டும் உண்மை

நம் நாட்டில் இதன் மூலகாரணம் இன்னும் முழுதாகத் துலங்கவில்லை. ஆனால் இதே போன்ற உணவுக் குழாய் நோய்க்கு மூலகாரணம் சந்தேகமின்றித் தெரிந்த இடம் ஒன்று உண்டு. அது தென் அமெரிக்கா. பிரேஸில் நாட்டு டாக்டர் கார்லோஸ் சாகஸ் 1909ல் ஒரு கிருமியைக் கண்டுபிடித்தார். மண் சுவர்க் குடிசைகளின் விரிசல்களில் பதுங்கி, இரவில் தூங்குகிறவர்களின் ரத்தத்தைக் குடிக்கும் ஒரு வகை மூட்டைப் பூச்சி அந்தக் கிருமியைப் பரப்புகிறது. கடி பட்டுப் பல வருஷங்களுக்குப் பிறகு இருதயம், குடல், உணவுக் குழாய் ஆகியவற்றின் நரம்பு அணுக்கள் சாகின்றன. பிரேஸில் கிராம மக்கள் இதை "அடைப்பு நோய்" என்ற பொருளில் தங்கள் மொழியில் அழைத்து வந்தார்கள்.

யாருக்கு வந்தது இந்த நோய்? கல் வீட்டில் படுத்த பண்ணை முதலாளிக்கா? மண் குடிசையில் படுத்த பண்ணையாளுக்குத்தான். உலக சுகாதார ஸ்தாபனத்தின் கணக்குப்படி இன்றும் சுமார் 70 லட்சம் பேர் உடம்பில் இந்தக் கிருமி இருக்கிறது. முக்கியமான பூச்சி இனத்தின் வழியே நோய் பரவுவதை பிரேஸில் ஒழித்துவிட்டது என்று 2006ல் சான்று கிடைத்தது. எப்படி ஒழிந்தது? வீடு வீடாக மருந்து அடித்தார்கள், குடிசைகளைச் செப்பனிட்டார்கள். "ஏழையின் நோய்க்கு என்ன செய்ய முடியும்" என்று கை கட்டி நிற்காமல் அரசு முயன்றபோது நடந்தது அது. இந்தப் பூச்சி நோய் நம் நாட்டில் இல்லை. ஆனால் அங்கே கிடைத்த படிப்பினை நமக்கும் உரியது.

இதுவரை செய்த வைத்தியம்

செத்த நரம்பு அணுவை உயிர்ப்பிக்க இன்றும் மருந்து கிடையாது. அடைத்து நிற்கும் மதகைத் திறப்பதே எல்லா வைத்தியமும். இங்கிலாந்து டாக்டர் தாமஸ் வில்லிஸ் 1674ல் வெளிவந்த நூலில் ஒரு நோயாளியைப் பற்றி எழுதினார். திமிங்கில எலும்பின் நுனியில் பஞ்சைக் கட்டி, ஒவ்வொரு வேளையும் சோற்றைத் தள்ளிக்கொண்டு அந்த மனிதன் உயிர் வாழ்ந்தான். 1913ல் ஜெர்மனியில் எர்ன்ஸ்ட் ஹெல்லர் என்ற ரண சிகிச்சை டாக்டர் மதகின் சதையை வெளிப்புறமிருந்து கீறிவிட்டார். அந்த ஆபரேஷன் இன்றும் அவர் பெயரால் நடக்கிறது. இப்போது வயிற்றைப் பெரிதாகக் கிழிக்காமல் சிறு துளைகள் வழியே செய்கிறார்கள். மற்றொரு வழி, 3 முதல் 4 சென்டிமீட்டர் விட்டமுள்ள பலூனை மதகில் வைத்து ஊதி, சதையை விரிப்பது.

இரண்டும் நல்ல சிகிச்சைகளே. 201 நோயாளிகளை வைத்து ஐரோப்பாவில் நடத்திய பரீட்சையின் முடிவு 2011ல் வெளிவந்தது. இரண்டு வருஷம் கழித்துப் பார்த்தபோது ஆபரேஷன் 100க்கு 90 பேருக்கும், பலூன் 100க்கு 86 பேருக்கும் பலன் தந்திருந்தது.

மீதிப் பேர் என்ன ஆனார்கள்? 100க்கு 10 பேர், 14 பேர். வருஷங்கள் போகப் போக இன்னும் சிலர் இவர்களோடு சேருகிறார்கள். இவர்களைத்தான் "கஞ்சி குடி" என்று அனுப்புகிறார்கள். நம் சண்டை இவர்களுக்காகத்தான்.

"கஞ்சி குடித்தால் என்ன?" என்று கேட்பவர்களுக்கு நம் பதில் இது. அந்தக் கஞ்சியும் சரியாக இறங்குவதில்லை. தேங்கியது இரவில் நுரையீரலில் இறங்கினால் நிமோனியா வருகிறது. பல வருஷங்கள் உணவு தேங்கி நிற்கும் குழாயில் புற்றுநோய் வரும் அபாயமும் மற்றவர்களைவிட அதிகம். உணவு இறங்காத உடம்பு எட்டு மணி நேர ஷிப்டில் நிற்குமா? நாள் முழுதும் குனிந்து நாற்று நடுமா? உழைப்பாளிக்குக் கஞ்சி வைத்தியம் என்றால் மெல்ல மெல்ல வேலையை இழப்பது, பிறகு உயிரை இழப்பது என்றே பொருள்.

ஏன் தோற்றது என்று கேளுங்கள்!

முதல் சிகிச்சை தோற்றுப்போனால் டாக்டர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி "ஏன்?" என்பது. கீறியது போதாமல் மதகின் ஒரு பகுதி அப்படியே நின்றிருக்கலாம். கீறிய இடம் தழும்பேறி மறுபடி இறுகியிருக்கலாம். புளிப்பு மேலே வராமல் இருக்க இரைப்பையை மடித்துத் தைத்த தையல் அளவுக்கு மீறி இறுகியிருக்கலாம். குழாயே வளைந்து பை போல் தொங்கியிருக்கலாம். முதலிலேயே நோயைத் தப்பாகக் கணித்திருக்கலாம். உள்ளே புற்றுநோய் மறைந்திருந்திருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் வழி வேறு வேறு. எண்டோஸ்கோப்பி, பேரியம் குடித்து எடுக்கும் எக்ஸ்ரே, குழாய்க்குள் அழுத்தத்தை அளக்கும் சோதனை ஆகிய மூன்றும் இல்லாமல் இதைத் தெரிந்துகொள்ள முடியாது. இந்தச் சோதனைகளைச் செய்யாமலேயே "இனி ஒன்றும் இல்லை" என்று சொல்வது வைத்தியம் அல்ல, பொறுப்பைத் தட்டிக் கழிப்பது.

மதகுதான் இன்னும் அடைத்திருக்கிறது என்று தெரிந்தால் என்ன செய்வது? 2008ல் ஜப்பானின் யோகஹாமா நகரில் டாக்டர் ஹாருஹிரோ இனோவே ஒரு புது முறையை முதன்முதலாக மனிதருக்குச் செய்தார். வாய் வழியாகவே எண்டோஸ்கோப்பை இறக்கிச் செய்யும் சிகிச்சை இது. ஆங்கில முதலெழுத்துக்களைச் சேர்த்து இதைப் "போயம்" என்கிறார்கள்.

இது எப்படி நடக்கிறது? நோயாளிக்கு முழு மயக்கம் கொடுக்கிறார்கள். உணவுக் குழாயின் உள்தோலுக்கு அடியில் நீலச் சாயம் கலந்த திரவத்தை ஏற்றி, தோலைச் சதையிலிருந்து தூக்குகிறார்கள். அங்கே சிறு வாசல் திறந்து, தோலுக்கும் சதைக்கும் நடுவே சுரங்கம் தோண்டிக்கொண்டு மதகைத் தாண்டி இரைப்பையின் மேல்பகுதி வரை போகிறார்கள். சுரங்கத்துக்குள் இருந்தபடியே மதகை இறுக்கிப் பிடிக்கும் சதையை மின்கத்தியால் வெட்டுகிறார்கள். பிறகு வாசலைக் கிளிப் போட்டு மூடி வெளியே வருகிறார்கள். வயிற்றில் வெட்டு இல்லை, தையல் இல்லை.

முன்பே ஆபரேஷன் ஆனவர்களுக்கு இதில் ஒரு முக்கியமான வசதி உண்டு. ஹெல்லர் ஆபரேஷன் குழாயின் முன்பக்கத்தைக் கீறுகிறது. மறுபடி அங்கேயே போனால் பழைய தழும்பு மறிக்கும். "போயம்" முறையில் பின்பக்கமாகச் சுரங்கம் எடுத்து, கத்தி படாத சதையை வெட்டலாம். அடைபட்ட கிணற்றுக்குப் பக்கத்தில் புது ஊற்றுக்கண் திறப்பது போல.

கணக்கு என்ன சொல்கிறது?

வெறும் வாயால் பேசவில்லை நாம். ஹெல்லர் ஆபரேஷன் ஆகியும் விழுங்க முடியாமல் தவித்த 90 பேரை இரண்டு பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவுக்குப் பலூனும் மறு பிரிவுக்குப் "போயம்" முறையும் செய்து பார்த்தார்கள். ஆம்ஸ்டர்டாம் டாக்டர்கள் முன்னின்று நடத்திய இந்தப் பரீட்சையின் முடிவு 2023ல் வெளிவந்தது. ஒரு வருஷம் கழித்துப் பலன் கண்டவர்கள், "போயம்" பிரிவில் 100க்கு 62 பேர். பலூன் பிரிவில் 100க்கு 27 பேர்.

இந்தக் கணக்கை நேர்மையாகப் படிக்க வேண்டும். 62 என்பது 100 அல்ல. எல்லோருக்கும் பலிக்கவில்லை. முதல் சிகிச்சையாகவே செய்தால் கிடைக்கும் பலனைவிட இது குறைவு. ஆனால் கைவிடப்பட்டவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் மறுபடி சோறு தின்றார்கள்! "இனி ஒன்றும் இல்லை" என்று சொன்னவர்கள் இந்த 62 பேருக்கு என்ன பதில் சொல்வார்கள்?

விளம்பர வியாபாரிகள்

கைவிடுகிறவர்கள் ஒரு பக்கம் இருக்க, மறுபக்கம் இதே சிகிச்சையைச் சந்தைச் சரக்காக விற்கிறவர்கள் இருக்கிறார்கள். "தழும்பு இல்லை! வலி இல்லை! முழுக் குணம்!" என்று பலகை வைக்கிறார்கள். அவர்களையும் நம்ப வேண்டாம் என்று எச்சரிக்கிறோம்.

முழுக் குணம் கிடையாது. மதகு திறக்கிறதே தவிர, செத்த நரம்பு உயிர் பெறுவதில்லை. நின்ற அலை பெரும்பாலும் திரும்புவதில்லை. கவளத்தை நன்றாக மென்று, தண்ணீர் சேர்த்து, நிமிர்ந்து உட்கார்ந்தே தின்ன வேண்டும். திறந்த மதகு திறந்தே இருப்பதால் இரைப்பையின் புளிப்பு மேலே ஏறும். 221 நோயாளிகளை வைத்து நடத்தி 2019ல் வெளியிட்ட ஐரோப்பியப் பரீட்சையில், இரண்டு வருஷம் கழித்து விழுங்கும் சக்தி "போயம்" செய்தவர்களுக்கும் ஆபரேஷன் செய்தவர்களுக்கும் ஏறக்குறைய சமமாக இருந்தது. ஆனால் புளிப்பு ஏறி உணவுக் குழாய் புண்பட்டவர்கள், "போயம்" பிரிவில் 100க்கு 44 பேர். ஆபரேஷன் பிரிவில் 100க்கு 29 பேர். ஆகவே பலருக்கு நாள்தோறும் மாத்திரை வேண்டியிருக்கும். அவ்வப்போது எண்டோஸ்கோப்பி பார்க்க வேண்டியிருக்கும். ரத்தக் கசிவு, குழாய் ஓட்டையாதல் போன்ற அபாயங்களும் அபூர்வமாக உண்டு. பை போல் தொங்கிவிட்ட குழாய்க்கு எதுவும் பலிக்காமல், குழாயையே எடுத்துவிட வேண்டிய நிலையும் சிலருக்கு வரலாம்.

இதை எல்லாம் நோயாளிக்கு அவன் மொழியில், அவனுக்குப் புரியும்படி சொல்லிவிட்டுத்தான் கையெழுத்து வாங்க வேண்டும். நகையை அடகு வைத்துக் கட்டணம் கட்டிய கூலிக்காரனை, மாத்திரைக்கும் மறு சோதனைக்கும் வழி சொல்லாமல் அனுப்புவது வைத்தியம் ஆகாது, அது வியாபாரம்.

"அபூர்வ நோய்க்கு இவ்வளவு செலவா?"

இப்படி ஒரு வாதம் வருகிறது. அதையும் பார்த்துவிடுவோம். மற்ற நாடுகளில் எடுத்த கணக்குப்படி வருஷத்துக்கு லட்சம் பேரில் சுமார் ஒருவருக்கு அக்கலேசியா புதிதாக வருகிறது. 2011 ஜனக் கணக்கில் தமிழ்நாட்டின் ஜனத்தொகை 7 கோடி 21 லட்சம். அதே விகிதம் இங்கும் பொருந்தினால் வருஷத்துக்கு 700 பேருக்கு மேல்! இது ஆயுள் முழுதும் கூட வரும் நோய். ஆகவே எந்தச் சமயத்திலும் ஆயிரக்கணக்கானோர் இந்த அவதியோடு நடமாடிக்கொண்டிருப்பார்கள். இவர்களை அபூர்வம் என்று ஒதுக்கலாமா?

ஒவ்வொரு தாலுகா ஆஸ்பத்திரியிலும் இந்தச் சிகிச்சை வேண்டும் என்று நாம் கேட்கவில்லை. கை பழகாத இடத்தில் செய்தால் ஆபத்து. சில பெரிய சர்க்கார் ஆஸ்பத்திரிகளில், தினமும் இதையே செய்து கை பழகிய டாக்டர்கள் இருந்தால் போதும். தேவைப்படும் எண்டோஸ்கோப்பு பெரிய ஆஸ்பத்திரிகளில் ஏற்கெனவே இருக்கும் சாதனம்தான். அதோடு மின்கத்தி, கிளிப்புகள், மயக்க டாக்டர், பயிற்சி பெற்ற கை ஆகியவை சேர வேண்டும். "இந்தியாவில் ஆள் இல்லை" என்று யாரும் சொல்ல முடியாது. ஹைதராபாத் டாக்டர்கள் நூற்றுக்கணக்கான நோயாளிகளின் அனுபவத்தை உலக வைத்தியப் பத்திரிகைகளில் எழுதியிருக்கிறார்கள். டில்லி அகில இந்திய மருத்துவக் கழகம் போன்ற சர்க்கார் ஸ்தாபனங்களிலும் இந்தச் சிகிச்சை நடக்கிறது. அங்கே முடிவது இங்கே ஏன் பரவலாக முடியாது?

மில் தொழிலாளியின் சம்பளத்தில் மாதா மாதம் இ.எஸ்.ஐ.க்குப் பிடிக்கிறார்கள். அந்தப் பணம் முதல் சிகிச்சைக்கு மட்டும்தானா? விவசாயக் கூலிக்கு அந்தப் பாதுகாப்பும் இல்லை. ஒரு நாள் ஆஸ்பத்திரிக்குப் போனால் ஒரு நாள் கூலி போச்சு. அவன் நகரத்துக்கு மூன்று தடவை அலைந்து திரும்பி, நான்காவது தடவை போகாமல் நின்றுவிடுகிறான். ஏட்டில் "நோயாளி தொடர்ந்து வரவில்லை" என்று எழுதிவிடுகிறார்கள். குற்றம் யாருடையது?

நம் கோரிக்கைகள்

1. விழுங்க முடியாமல் வருகிறவர்களுக்கு மாவட்டத் தலைமை ஆஸ்பத்திரிகளில் தாமதமில்லாமல் எண்டோஸ்கோப்பிப் பரிசோதனை வேண்டும்.

2. குழாயின் அழுத்தத்தை அளக்கும் சோதனையும் "போயம்" சிகிச்சையும் குறிப்பிட்ட சில சர்க்கார் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகளில் நிரந்தரமாக நடக்க வேண்டும். அதற்கு டாக்டர்களை சர்க்கார் செலவில் பயிற்றுவிக்க வேண்டும்.

3. இ.எஸ்.ஐ.யும் சர்க்கார் காப்பீட்டுத் திட்டமும் முதல் சிகிச்சையோடு நிற்காமல் மறு சிகிச்சையையும், பிறகு வேண்டிய மாத்திரையையும் சோதனையையும் ஏற்க வேண்டும்.

4. சிகிச்சைக்கு வெளியூர் போகும் கூலித் தொழிலாளிக்கு வழிச் செலவும், இழந்த கூலிக்கு ஈடும் தர வேண்டும்.

தோழர்களே! கோரிக்கை நிறைவேறும் வரை காத்திருக்காமல் இன்றே செய்யக் கூடியதும் உண்டு. உங்கள் டிபார்ட்மெண்டில், உங்கள் சேரியில், உங்கள் தெருவில், தட்டில் சோற்றை வைத்துக்கொண்டு தண்ணீரைக் குடித்துக் குடித்துத் தள்ளுகிறவர் யார் என்று பாருங்கள். ஆபரேஷன் ஆனவராக இருந்தால் பழைய சீட்டுகளை எறியாமல் பத்திரப்படுத்தச் சொல்லுங்கள். எந்தப் பக்கம் கீறினார்கள், என்ன செய்தார்கள் என்பது அதில்தான் இருக்கிறது. சங்கத்திலிருந்து ஒருவர் அவரோடு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகட்டும். "முதல் சிகிச்சை ஏன் பலிக்கவில்லை? அடுத்த வழி என்ன?" என்ற இரண்டு கேள்விகளையும் மரியாதையாக, ஆனால் விடாமல் கேட்கட்டும். அங்கே வசதி இல்லை என்றால் எங்கே உண்டு என்று எழுதி வாங்கட்டும். தனியாக நிற்கும் நோயாளியைத் திருப்பி அனுப்புவது சுலபம். பின்னால் சங்கம் நிற்கும் நோயாளியை அப்படி அனுப்ப முடியாது.

நாட்டுக்கே சோறு விளைவிக்கிறவன், நாட்டுக்கே துணி நெய்கிறவன், தன் தட்டில் உள்ள சோற்றை விழுங்க முடியாமல் சாக வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. வழி இருக்கிறது. அந்த வழியை ஏழைக்கும் திறந்துவிடு என்று ஒன்றுபட்டுக் கேட்போம்!